பண்டிகை நாளில் பெரிய டாக்டர் இருப்பாரா?

செனாய் பக்கத்துப் பழைய தோட்டத்து ஆட்களிடம் ஒரு பேச்சு உண்டு. "நாள் கிழமையில படுத்துடாதே, பார்க்க ஆள் இருக்க மாட்டாங்க" என்பார்கள். வேடிக்கையாகச் சொல்வதுதான். ஆனால் இந்த வேடிக்கைப் பேச்சு எங்கள் குடும்பத்தில் ஒரு மனிதரின் இருதயத்தில் பாதியைத் தின்றுவிட்டது. அந்தக் கதையைத்தான் இந்த வாரம் தோட்டத் தோழர்களுக்குச் சொல்லப் போகிறேன்.

2023-ஆம் ஆண்டு தீபாவளி நவம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை வந்தது. அப்போது ஜொகூரில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஆக வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று நாள் சேர்ந்தாற்போல அரசாங்க அலுவலகம் எல்லாம் அடைப்பு. என் சித்தப்பாவுக்குச் சனிக்கிழமை விடியற்காலை நான்கு மணிக்கு நெஞ்சில் கனம். முப்பது வருஷத்துக்கு மேல் செனாய் வட்டாரத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டம் விலைபோன பிறகு தாமானில் ஒரு சிறு வீட்டில் இருக்கிறார். உடம்பு இரும்பு என்று அவருக்கு நினைப்பு.

சித்தி முறுக்குச் சுட எழுந்தபோது அவர் நாற்காலியில் உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருந்தாராம்.

"என்னாங்க, இப்படி வேர்க்குது?"

"வாயுதான். கொஞ்சம் கோடாலித் தைலம் எடு."

தைலம் தேய்த்தார்கள். இஞ்சி தட்டிப் போட்டுக் குடிக்கக் கொடுத்தார்கள். மகன் காடியை எடுக்கிறேன் என்று சொல்லியும் சித்தப்பா அசையவில்லை. "இன்னிக்கு லீவுடா. போனா சின்னப் பையனுங்கதான் இருப்பானுங்க. பெரிய டாக்டர் திங்கக்கிழமைதான் வருவாரு. திங்கக்கிழமை போவோம்." இதுதான் அவர் சொன்னது. தீபாவளியன்று காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்தார், வந்தவர்களுக்குப் பலகாரம் கொடுத்தார். சாயங்காலம் மூச்சு இழுக்க ஆரம்பித்ததும்தான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நானும் கூடப் போனேன்.

அவசரப் பிரிவில் இருந்தது ஒரு தமிழ்ப் பெண். வயது முப்பதுக்குள்தான் இருக்கும். கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது. இ.சி.ஜி. தாளைப் பார்த்துவிட்டு, "எப்போ ஆரம்பிச்சது ஐயா?" என்று கேட்டார். சித்தப்பா சொன்னார். அந்தப் பெண் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"நேத்தே ஏன் வரலை?"

"லீவு நாளும்மா. டாக்டர் யாரும் இருக்க மாட்டாங்கன்னு..."

"நான் இருந்தேனே ஐயா. நேத்து ராத்திரியும் நான்தான் இங்க இருந்தேன்."

அதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தானோ என்னவோ, இன்றைக்கும் என் காதில் நிற்கிறது.

இருதயத்துக்குப் போகும் இரத்தக் குழாயில் கட்டி அடைத்துக்கொண்டால், அதைக் கரைக்க ஊசி மருந்து இருக்கிறது. வலி தொடங்கிய முதல் ஓரிரு மணி நேரத்தில் போட்டால் பலன் மிக அதிகம். பன்னிரண்டு மணி நேரம் தாண்டிவிட்டால் பொதுவாக அதைப் போடுவதில்லை. அந்தத் தசை அதற்குள் செத்துப் போயிருக்கும். சித்தப்பா போய்ச் சேர்ந்தது முப்பத்தாறு மணி நேரத்துக்கும் மேலே. உயிர் தங்கியது. ஆனால் மரம் வெட்டிய அந்தக் கால்கள் இன்றைக்குச் சாயங்காலமானால் வீங்கிப் போகின்றன. நான்கு படி ஏறினால் நிற்க வேண்டியிருக்கிறது.

யார் இருப்பார், யார் இருக்க மாட்டார்

சித்தப்பா நினைத்தது முழுப் பொய்யும் அல்ல, முழு உண்மையும் அல்ல. இங்கேதான் நம் ஆட்கள் பலர் தடுக்கி விழுகிறார்கள்.

விடுமுறை நாளில் அரசாங்க மருத்துவமனையில் எது அடைப்பு? 'கிளினிக் பாக்கார்' என்று பலகை போட்ட நிபுணர் கிளினிக் அடைப்பு. நாள் குறித்துச் செய்யும் அறுவை சிகிச்சைகள் நடக்காது. அவசரமில்லாத ஸ்கேன், உடற்பயிற்சிச் சிகிச்சை போன்றவை நிற்கும். 'கிளினிக் கெசிஹாத்தான்' என்னும் சுகாதார கிளினிக்குகளிலும் பெரும்பாலானவை மூடியிருக்கும். இதைத்தான் நம்மவர்கள் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரியே மூடிக் கிடப்பதாக முடிவு கட்டிக்கொள்கிறார்கள்.

'கெசெமாசான்' என்று சிவப்பில் எழுதிய அவசரப் பிரிவு ஒரு நாளும் மூடுவதில்லை. அங்கே மருத்துவ அதிகாரிகள் ஷிப்ட் முறையில் இருக்கிறார்கள். வார்டுகளில் ஹவுஸ்மேன் டாக்டர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு மேலே, நிபுணர்கள் இருக்கும் மருத்துவமனைகளில், ஒவ்வொரு துறைக்கும் அன்றைக்கு முறை வைத்து ஒரு நிபுணர் பொறுப்பில் இருப்பார். அவர் வீட்டில் இருக்கலாம். போன் போட்டால் பேச வேண்டும், தேவையென்றால் வர வேண்டும். அதாவது பெரிய டாக்டர் நம் கண்ணில் படுவதில்லையே தவிர, அவருடைய புத்தி போன் வழியாக வந்துகொண்டுதான் இருக்கிறது. நெஞ்சுவலிக்கு இ.சி.ஜி. எடுக்கவும் கட்டி கரைக்கும் மருந்தைத் தொடங்கவும் இருதய நிபுணர் நேரில் வந்து நிற்க வேண்டிய அவசியம் இல்லை. சித்தப்பாவின் ஏளனத்துக்கு ஆளான அந்தச் 'சின்னப் பையன்களே' செய்யக்கூடிய வேலை அது.

செனாய்க்காரர்களுக்கு இடமும் தெரிந்திருக்க வேண்டும். வடக்கே பக்கத்திலேயே கூலாய் மருத்துவமனை. தெற்கே சுமார் 25 கிலோமீட்டரில் ஜொகூர் பாருவின் சுல்தானா அமினா மருத்துவமனை, இருதய அறுவை சிகிச்சை வரைக்கும் வசதி உள்ள பெரியாஸ்பத்திரி. பண்டான் பக்கம் 2004-இல் திறந்த சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனை. பண்டிகைக் காலத்தில் சிங்கப்பூரிலிருந்து திரும்புகிற காடிகளும் வடக்கே ஊருக்குப் போகிற காடிகளும் சேர்ந்து சாலை எப்படி இருக்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. நெஞ்சுவலிக்காரரை ஏற்றிக்கொண்டு 'பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போவேன்' என்று நெரிசலில் நிற்பதைவிட, பக்கத்து அவசரப் பிரிவுக்குப் போய் முதல் சிகிச்சையை வாங்கிக்கொண்டு, அங்கிருந்து அம்புலன்ஸில் பெரிய இடத்துக்குப் போவது மேல். 999-ஐ அழைப்பது அதைவிட மேல்.

இது என் சொந்த யோசனை அல்ல. தமிழ்நாட்டில் 2012 முதல் 2014 வரை இதையே திட்டமிட்டுச் செய்து பார்த்தார்கள். சிறிய மருத்துவமனைகளைப் பெரிய இருதய மருத்துவமனைகளோடு கொத்துக் கொத்தாக இணைத்தார்கள். சிறிய இடத்தில் கட்டி கரைக்கும் மருந்து, பிறகு ஒரு நாளுக்குள் பெரிய இடத்துக்கு மாற்றம். 2,420 நோயாளிகளைக் கணக்கெடுத்ததில், ஒரு வருஷத்துக்குள் இறந்தவர்கள் முன்பு நூற்றுக்கு 17.6 பேராக இருந்தது 14.2 ஆகக் குறைந்தது. 2017-இல் இந்த முடிவு வெளியானது. நிபுணர்களின் எண்ணிக்கை திடீரென்று பெருகிவிடவில்லை. இருந்த நிபுணரிடம் போய்ச் சேரும் வழியைத்தான் ஒழுங்கு செய்தார்கள்.

மருத்துவர்கள் கணக்குப் பார்த்தது

விடுமுறை நாளில் படுத்தால் ஆபத்து கூடுதலா? வெளிநாடுகளில் இதை நிறையவே ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் இரண்டு இலட்சத்து முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட மாரடைப்பு நோயாளிகளைக் கணக்கெடுத்து 2007-இல் வெளியிட்டார்கள். 1999 முதல் 2002 வரை, வார நாளில் சேர்ந்தவர்களில் முப்பது நாளுக்குள் இறந்தவர் நூற்றுக்கு 12. சனி, ஞாயிறில் சேர்ந்தவர்களில் 12.9. ஏன் என்று பார்த்தால், வார இறுதியில் குழாய் விட்டு அடைப்பை நீக்கும் சிகிச்சை குறைவாக நடந்திருக்கிறது. ஆக, 'பெரிய டாக்டர் இல்லை' என்ற புகாரில் ஓர் உண்மை இருக்கத்தான் செய்கிறது.

ஆனால் பிரிட்டனில் 115 மருத்துவமனை நிர்வாகங்களை ஆராய்ந்து 2016-இல் வெளியிட்ட கணக்கு வேறு மாதிரி சொன்னது. அவசரமாகச் சேர்ந்த நோயாளிகளுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடைத்த நிபுணர் நேரம், புதன்கிழமை கிடைத்ததில் பாதிகூட இல்லை. ஆனாலும் வார இறுதியில் கூடும் மரணத்துக்கும் இந்தக் குறைவுக்கும் நேரடித் தொடர்பை அவர்களால் காண முடியவில்லை. அந்த நாட்டில் நடந்த விவாதத்தில் அடிக்கடி சொல்லப்பட்ட ஒரு விளக்கம், வார இறுதியில் வருகிறவர்கள் நோய் முற்றிய நிலையில் வருகிறார்கள் என்பது.

இதைப் படித்தபோது எனக்குச் சித்தப்பாவின் நாற்காலிதான் ஞாபகம் வந்தது. நோய் ஏன் முற்றுகிறது? திங்கட்கிழமைக்குக் காத்திருப்பதால்.

டிரஸர் வீட்டுக் கதவு

இந்தக் காத்திருக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்றும் யோசிக்க வேண்டும். அந்தக் காலத்தில் தோட்டத்து ஆஸ்பத்திரியும் டிரஸர் வீடும் லயத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தன. தீபாவளியானால் என்ன, திருவிழாவானால் என்ன, நடு ராத்திரி கதவைத் தட்டினால் டிரஸர் ஐயா சாரோங்கோடு எழுந்து வருவார். திட்டுவார், ஆனால் வருவார். தோட்ட மருத்துவமனை உதவியாளர்களைப் பதிவு செய்வதற்கென்றே 1965-இல் தனிச் சட்டம் வந்தது. அவர் நிபுணர் அல்லதான். இது வாயு, இது வாயு அல்ல, லோரியைக் கிளப்பு என்று சொல்லத் தெரிந்தவர். அந்த ஒரு வார்த்தை எத்தனை உயிரைக் காப்பாற்றியிருக்கும்!

செனாயில் 1974-இல் விமான நிலையம் வந்தது. அப்புறம் தொழிற்சாலைகள், வீடமைப்புகள், நெடுஞ்சாலைகள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, பல இடங்களில் செம்பனையும் போனது. தோட்டம் துண்டாடப்பட்டபோது வீடு போனதைப் பற்றிப் பேசினோம், கோயில் போனதைப் பற்றிப் பேசினோம், தமிழ்ப்பள்ளி இடம் மாறியதைப் பற்றிப் பேசினோம். டிரஸர் போனதைப் பற்றி யாரும் பேசவில்லை. லீவு நாளில் ஒரு வார்த்தை கேட்க இன்று தாமானில் யார் இருக்கிறார்கள்? பக்கத்து வீட்டுக்காரரும் வாட்ஸாப்பும்தான்.

இன்னும் தோட்டத்தில் இருப்பவர்கள் பண்டிகைக்கு முன்பே சில கேள்விகளைக் கிராணியிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். லீவு மூன்று நாளும் டிரஸர் இருப்பாரா? இல்லையென்றால் தோட்டத்து வண்டிச் சாவி யாரிடம் இருக்கும்? டிரைவர் ஊருக்குப் போய்விட்டால் வேறு யார் ஓட்டுவார்? பெரட்டுக்களத்தில் நின்று கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சம்பளப் புத்தகத்திலும் அடி

குடும்பத்துக்கு வரும் நஷ்டம் நோயோடு நிற்பதில்லை. விடுமுறைக்கு முதல் நாள் வார்டில் சேர்ந்த ஒருவரை, அவசரம் இல்லையென்று தெரிந்தால், ஸ்கேனுக்கும் நிபுணர் பார்வைக்கும் லீவு முடியும்வரை வைத்திருப்பது நடக்கிற காரியம். கட்டில் பக்கத்தில் ஒருவர் மாற்றி ஒருவர் காவல். லீவு முடிந்த மறுநாள்தான் பெரிய டாக்டர் வருவார், அன்றைக்குத்தான் மகனோ மகளோ கூட இருந்து விவரம் கேட்க வேண்டும். அன்றைக்கு வேலைக்குப் போகாமல் இருந்தால்?

வேலைச் சட்டம் 1955, 60D பிரிவை ஒருமுறை படித்துப் பாருங்கள். பொது விடுமுறைக்கு முந்தின வேலை நாளோ அடுத்த வேலை நாளோ முதலாளியின் முன் அனுமதி இல்லாமல் வராதவருக்கு, தகுந்த காரணம் இல்லாவிட்டால், அந்த விடுமுறைக்கான சம்பளம் கிடையாது. ஆக ஒரு நாள் வராததற்கு இரண்டு நாள் சம்பளம் போகலாம். நோய் விடுப்பு உங்கள் சொந்த உடம்புக்கு. அப்பாவின் நெஞ்சுவலிக்கு அது பொருந்தாது. எனவே கட்டில் பக்கத்தில் இருந்துகொண்டே மண்டோருக்கோ கிராணிக்கோ செய்தி அனுப்பி அனுமதி கேளுங்கள். பிறகு மருத்துவமனையில், நோயாளியோடு இருந்ததற்கு ஒரு கடிதம் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். வாய்ப் பேச்சு மாதக் கடைசியில் யாருக்கும் ஞாபகம் இருக்காது. தாள் இருந்தால் சங்கத்துக்காரரும் உங்களுக்காகப் பேச முடியும்.

இன்னொரு அடியும் உண்டு. அரசாங்க ஆஸ்பத்திரியில் ஆள் இல்லை என்ற நினைப்பில் தனியார் மருத்துவமனைக்கு ஓடி, ஆயிரக்கணக்கில் முன்பணம் கட்டுவதற்கு நகையை அடகு வைத்தவர்கள் எத்தனையோ பேர். ஒரு வெள்ளிக்கு வெளிநோயாளிச் சிகிச்சையும் ஐந்து வெள்ளிக்கு நிபுணரும் பார்க்கிற நாட்டுக் குடிமகன் அப்படி ஓடியிருக்கிறான். உயிர் போகிற நிலையில் பக்கத்தில் தனியார் இடம்தான் இருக்கிறது என்றால் தயங்காமல் நுழையுங்கள். உயிர் காக்கும் முதல் சிகிச்சையைத் தர அவர்கள் எந்நேரமும் தயாராக இருக்க வேண்டும் என்று 1998-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அதன்பிறகு அரசாங்க மருத்துவமனைக்கு மாற்றச் சொல்லிக் கேட்கலாம்.

காய்ச்சல் இறங்கினால் சந்தோஷப்படாதீர்கள்

நெஞ்சுவலிக்கு அடுத்தபடியாக விடுமுறையில் ஏமாற்றுவது டெங்கிக் காய்ச்சல். 2019-இல் மட்டும் நாட்டில் 130,101 பேருக்கு டெங்கி. 182 பேர் இறந்தார்கள். டெங்கியின் ஆபத்துக் கட்டம் காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது அல்ல, மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும்போதுதான். அதனால்தான் தினமும் வந்து இரத்தம் பார்க்கச் சொல்கிறார்கள். நாளைக்குத் தீபாவளி, கிளினிக் அடைப்பு, பிள்ளைக்கும் காய்ச்சல் விட்டுவிட்டது, புதுச் சட்டையைப் போட்டுவிடு என்று இருந்துவிட்டால்? வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் இரத்தம், பிள்ளை துவண்டு கிடப்பது, இதில் ஒன்று தெரிந்தாலும் அவசரப் பிரிவுதான். வியாழக்கிழமை கிளினிக்கில் பார்க்கும்போதே, "நாளைக்கு லீவு, எங்க வந்து இரத்தம் பார்க்கணும்?" என்று கேட்டுக்கொண்டு வாருங்கள்.

பாம்புக்கடியையும் சொல்லிவிடுகிறேன், செம்பனைக் காட்டில் வேலை செய்கிறவர்களுக்கு லீவு என்று பாம்புக்குத் தெரியாது. எல்லா மருத்துவமனையிலும் பாம்பு விஷ நிபுணர் இல்லைதான். ஆனால் அந்தத் துறையில் தேர்ந்த மருத்துவர்கள் சேர்ந்து 'ரெக்ஸ்' என்ற பெயரில் நாடு முழுவதும் உள்ள டாக்டர்களுக்குத் தொலைபேசி வழி, இரவு பகல் பாராமல் ஆலோசனை சொல்கிறார்கள். பாம்பின் படம் ஒன்று, தூரத்திலிருந்தே எடுத்தது, கையில் இருந்தால் போதும். பிடிக்கப் போய் இரண்டாவது கடி வாங்க வேண்டாம்.

மருந்துத் தீர்ந்து போவதும் பெரிய தொல்லை. ஜொகூரில் வார விடுமுறை 2014 முதல் 2024 கடைசி வரை வெள்ளி, சனியாக இருந்து, 2025 ஜனவரி முதல் சனி, ஞாயிறாக மாறியது. பழைய கணக்கிலேயே போய்க் கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் உண்டு. 2024 நோன்புப் பெருநாளின்போது புதன், வியாழனோடு வெள்ளி, சனியும் சேர்ந்து நான்கு நாள் அடைப்பு. சில விடுமுறைகள் திடீரென்றும் வரும். 2022 நவம்பர் 24-இல் பதவியேற்ற பிரதமர் அன்வார் இப்ராஹிம், அதே மாதம் 28-ஆம் தேதியைப் பொது விடுமுறையாக அறிவித்தார். இடையில் இருந்தது மூன்றே நாள். அந்த மாதிரி நேரத்தில் உங்கள் தேதி என்ன ஆனது என்று போன் போட்டுக் கேட்பது நம் வேலை. ஊருக்குப் போகிறவர்கள், மிச்ச மருந்தை வேறு ஊர் அரசாங்க மருந்தகத்தில் வாங்க ஏற்பாடு உண்டு, அதற்கு முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். மருந்துக் கவுண்டரில் கேட்டால் சொல்வார்கள்.

அந்த டாக்டர் பெண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2016 டிசம்பரிலிருந்து புதிய டாக்டர்களை அரசாங்கம் ஒப்பந்த அடிப்படையில்தான் எடுக்கத் தொடங்கியது. 2021 ஜூலை 26-இல் அவர்கள் நாடெங்கும் கறுப்புச் சட்டை அணிந்து வெளிநடப்புச் செய்தார்கள். நிரந்தரம் இல்லாத வேலை, நீண்ட ஷிப்ட், பண்டிகைக்கு வீட்டுக்குப் போக முடியாத நிலை, இதெல்லாம் நமக்குத் தெரியாத துன்பமா? லீவு நாளில் கூடுதல் நிபுணர் வேண்டும் என்று நாம் கேட்பது நியாயம். கேட்கத்தான் வேண்டும். ஆனால் இருக்கிற ஆளை இல்லை என்று சொல்லிவிட்டு வீட்டில் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பது என்ன நியாயம்?

2025-இல் தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை. சனி, ஞாயிறோடு சேர்ந்து மறுபடியும் மூன்று நாள் அடைப்பு. ஞாயிறு நள்ளிரவு சித்தி போன் செய்தார். சித்தப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது, படுக்க முடியவில்லை. நான் போய்ச் சேர்வதற்குள் மனிதர் சட்டையை மாட்டிக்கொண்டு, மருந்துப் பையும் அடையாளக் கார்டும் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறார். "ஏறு, ஏறு, பேச நேரமில்லை" என்று என்னை விரட்டினார். ஊசி போட்டு, நீர் இறக்கி, விடிய விடிய வைத்திருந்து பத்து மணிக்கு வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டில் எல்லாரும் எண்ணெய் தேய்த்துக் குளித்து முடித்துவிட்டிருந்தார்கள்.

"பெரிய டாக்டர் வந்தாரா மாமா?" என்று மருமகள் கேட்டாள்.

"போன்ல பேசினாங்க. பார்த்தது ஒரு சீனப் பையன், நல்லாப் பார்த்தான்" என்றார். பிறகு கொஞ்சம் வருத்தத்தோடு, "அந்தப் பொண்ணு இல்லைம்மா. வேற ஊருக்கு மாத்திட்டாங்களாம்" என்றார்.